மெயின் என்று அடித்தால்

ஆகஸ்ட் 4, வெள்ளி

காலையில் ஆபீஸுக்குள் நுழையும்போதே பலவேசம் அண்ணாச்சி கூப்பிட்டார். "பிள்ள பெமிலா, இங்க வா. மெயினைக் காணோம்ங்குது. நேத்து சாயந்தரம் வரைக்கும் நல்லாத்தான இருந்துச்சு?"

துறைமுகம் வழியாகப் போகிற சரக்குகளுக்கு இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட் எல்லாம் அடித்து கஸ்டம்ஸில் கொடுப்பதுதான் எங்கள் ஆபீஸ் வேலை. அந்தக் காகிதம் எல்லாம் எங்கள் முதலாளி கிளாட்வின் சார் ரூமில் இருக்கிற கம்ப்யூட்டரில் இருக்கிறது. அதற்கு மெயின் என்று பேர். அவரவர் சீட்டிலிருந்து மெயின் என்று அடித்தால் அந்த ஃபோல்டர் திறக்கும். இன்று என் சீட்டில் திறக்கிறது, மாரிச்செல்வம் சீட்டில் திறக்கிறது. அண்ணாச்சியுடையதில் மட்டும் அப்படி ஒன்று இல்லவே இல்லை என்கிறது. அப்டேட் ஏதோ ஓடியிருக்கிறது.

நெட்வொர்க்கில் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஒரு நம்பர் உண்டு. மெயினின் நம்பரை அடித்துப் பார்த்தேன், திறந்தது. பேரை அடித்தால் இல்லை. செல்போனில் தேடினேன். பத்து விஷயம் பார்க்கச் சொல்கிறார்கள். நெட்வொர்க் பப்ளிக் என்று மாறியிருக்கிறதா, அந்த சர்வீஸ் ஓடுகிறதா, இந்த சர்வீஸ் ஓடுகிறதா என்று. கிளாட்வின் சார் எனக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டார். அவர் நின்றால் எனக்குக் கை ஓடாது. போன மாதம்தான் வெளியிலிருந்து வருகிற டெக்னீஷியனை நிறுத்திவிட்டு, "நீதான் ஹார்டுவேர் படிச்சிருக்கியே, சிஸ்டம் எல்லாம் நீயே பாத்துக்கோ" என்று சொல்லியிருந்தார். ஆறு மாத கோர்ஸை இன்டர்வியூவில் ஒரு வருஷம் என்று சொல்லியிருக்கிறேன்.

கடைசியாக ஒரு வழி போட்டிருந்தது. ஹோஸ்ட்ஸ் என்று ஒரு ஃபைல். அதில் 'மெயின் என்றால் இந்த நம்பர்' என்று ஒரு வரி எழுதிவிட்டால் கம்ப்யூட்டர் வேறு யாரிடமும் கேட்காது. எழுதினேன். உடனே திறந்தது.

"பாத்தியளா சார், நம்ம பிள்ளைய!" என்றார் அண்ணாச்சி. சார் தலையை ஆட்டிவிட்டுப் போனார். மெயினின் நம்பர் மாறாமல் பூட்டி வைக்க வேண்டும் என்று அதன் கீழேயே எழுதியிருந்தது. திங்கட்கிழமை செய்யலாம்.

நாளைக்குப் பனிமய மாதா திருவிழா, ஊருக்கே லீவு.

ஆகஸ்ட் 7, திங்கள்

நம்பரைப் பூட்டவில்லை. சார் நாள் முழுக்க ரூமிலேயே உட்கார்ந்திருந்தார். எழுந்திருங்கள் என்று எப்படிச் சொல்வது. சாளை மீன் மலிவு என்று வீட்டுக்காரர் ஜெரின் ஒரு பை நிறைய வாங்கி வந்திருக்கிறார். யார் கழுவுவது என்று கேட்கவில்லை.

ஆகஸ்ட் 16, புதன்

இன்டர்நெட்காரர்கள் வந்து புதுப் பெட்டி மாட்டினார்கள். காலையில் அரை மணி நேரம் எல்லா கம்ப்யூட்டரையும் அணைத்துப் போட்டோம். மூலையில் இருக்கிற பழைய மெயினில்தான் ஸ்கேனர் இருக்கிறது. ஸ்கேன் அவசரம் என்று மாரிச்செல்வம் கத்தியதால் அதை முதலில் போட்டேன்.

ஜூனில் புது மெயின் வாங்கியபோது பழையதில் இருந்த ஃபோல்டரை அப்படியே காப்பி எடுத்து மாற்றினோம். பழையதில் இருப்பதை அழித்துவிடலாமா என்று சார் கேட்டார். ஒரு பாதுகாப்புக்கு இருக்கட்டும் சார் என்றேன். அதில் இடமும் நிறைய இருக்கிறது.

ஆகஸ்ட் 18, வெள்ளி

மாரிச்செல்வம் கஸ்டம்ஸிலிருந்து போன் பண்ணினான். தென்னை நார் அனுப்புகிற பார்ட்டியின் பேக்கிங் லிஸ்ட் எங்கே என்று. என் சீட்டில் பார்த்தேன், இல்லை. "அண்ணாச்சி, நார் லிஸ்ட் அடிக்கலையா?"

"புதன்கிழமையே அடிச்சு சேவ் பண்ணிட்டேன் பிள்ள."

"இல்லையே அண்ணாச்சி."

அவர் தன் சீட்டிலிருந்தே பிரிண்ட் எடுத்துக் கொண்டுவந்து கொடுத்தார். சாயந்தரம் மாரி திரும்பி வந்து சிரித்தான். "இப்பத்தான் விறுவிறுன்னு அடிச்சிருப்பாரு. மறந்துட்டேன்னு சொன்னா என்னவாம்?" நானும் சிரித்தேன்.

ஆகஸ்ட் 22, செவ்வாய்

அண்ணாச்சி இன்று கோபமாக இருந்தார். ஜூலையில் அடித்த ஃபைல்களை யாரோ அழித்துவிட்டார்கள் என்றார். என் சீட்டில் திறந்து காட்டினேன். எல்லாம் இருந்தது. அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். போன தையில் கண் ஆபரேஷன் செய்தவர்.

"நான் பாக்கும்போது இல்லயே பிள்ள."

"வேற ஃபோல்டர்ல பாத்திருப்பீங்க அண்ணாச்சி."

"இருக்கும்" என்றார். குரல் இறங்கிவிட்டது.

அவர் சீட்டில் போய் ஒரு தடவை பார்க்கலாமா என்று நினைத்தேன். என்ன பார்ப்பது என்றும் எனக்கு ஒரு நினைப்பு வந்தது. அதற்குள் கப்பல் கம்பெனியிலிருந்து போன். பிறகு பார்க்கவில்லை. வீட்டில் சிலிண்டர் தீர்ந்துவிட்டது.

ஆகஸ்ட் 29, செவ்வாய்

எழுதவே பிடிக்கவில்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

மருந்துக்கு நிலாவாரை இலை அனுப்புகிற சாத்தான்குளத்து பார்ட்டியின் கன்டெய்னர் கஸ்டம்ஸில் நின்றுவிட்டது. வாங்குகிற ஜெர்மனிக் கம்பெனி ஜூலையில் பேரையும் விலாசத்தையும் மாற்றிக்கொண்டது. பூச்சி மருந்துச் சான்றிதழில் புதுப் பேர் இருக்கிறது. நாங்கள் கொடுத்த இன்வாய்ஸில் பழைய பேர். ஆபீசர் ஒத்துக்கொள்ளவில்லை. திருத்தி எடுத்துப்போவதற்குள் அந்தக் கப்பலுக்குச் சரக்கு எடுக்கிற கேட்டை மூடிவிட்டார்கள். அடுத்த கப்பல் பத்து நாள் கழித்துத்தான். பார்ட்டி நேரே ஆபீஸுக்கே வந்து, எங்களோடு இனிமேல் வேலை இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். கிளாட்வின் சாரின் அப்பா காலத்திலிருந்து வருகிற பார்ட்டி.

அடித்தது அண்ணாச்சி. சார் அவரைத் தன் ரூமுக்குக் கூப்பிட்டார். கதவு திறந்தே இருந்தது.

"ஃபைல்ல இருந்த பேரைத்தான் சார் போட்டேன்."

"ஃபைல்ல இதுவா இருக்கு? நீங்களே பாருங்க. ஜூலையில நீங்கதான் மாத்தியிருக்கீங்க. கையில இருக்கறதை விட்டுட்டு ஞாபகத்துல இருந்து அடிச்சா எப்படி?"

"ஞாபகத்துல அடிக்கல சார். பாத்துத்தான் அடிச்சேன்."

"அண்ணாச்சி, கண்ணு முன்னால இருக்கு!"

பிறகு சார் என்னைப் பார்த்துச் சொன்னார், "பெமிலா, அவர் சிஸ்டத்துல என்னன்னு பாரு."

போய்ப் பார்த்தேன். சார் ரூமில் அண்ணாச்சி நின்றுகொண்டே இருந்தார். கொஞ்ச நேரத்தில் சரியாகத்தான் இருக்கு சார் என்றேன். நான் சொல்லும்போது சரியாகத்தான் இருந்தது.

அண்ணாச்சி தன் சீட்டுக்கு வந்து அவரே ஃபைலைத் திறந்தார். புதுப் பேர் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மவுஸை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து, மதியச் சாப்பாட்டுப் பையைத் திறக்காமலே எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஆகஸ்ட் 30, புதன்

நேற்று எழுதியதை வாசித்தேன். பொய் இல்லை. ஆனால் பொய்தான்.

புதுப் பெட்டி வந்த அன்று எல்லாவற்றுக்கும் நம்பர் மாறியிருக்கிறது. எதை முதலில் போடுகிறோமோ அதற்கு அந்தப் பெட்டி முதல் நம்பரைக் கொடுக்கிறது. நான் முதலில் பழைய மெயினைப் போட்டேன். மெயினிடம் இருந்த நம்பர் அதற்குப் போய்விட்டது. மற்றவர்கள் கம்ப்யூட்டர் பேரை வைத்துத் தேடிப் போவதால் சரியான இடத்துக்குப் போனது. அண்ணாச்சியுடையது மட்டும் நான் எழுதி வைத்த வரியை நம்பிப் போனது. ஆகஸ்ட் பதினாறிலிருந்து அவர் மெயின் என்று அடித்தபோதெல்லாம் பழைய மெயினின் பழைய ஃபோல்டர்தான் திறந்திருக்கிறது. அவர் பார்த்தது பழைய பேரைத்தான். நார் லிஸ்டும் அதில்தான் இருக்கிறது. நேற்று கண்ணால் பார்த்தேன்.

பார்த்துவிட்டு அந்த வரியை அழித்தேன். மற்ற பத்து வழியில் ஏதோ ஒன்றைத் தட்டிவிட்டேன், பேர் தானாகவே திறந்தது. அப்புறம்தான் சரியாக இருக்கு என்று சொன்னேன்.

முதலில் சரிசெய்துவிட்டு அப்புறம் சொல்லலாம் என்றுதான் நினைத்தேன். சார் உடனே நம்பிவிட்டார். எனக்கு வாய் வரவில்லை.

செப்டம்பர் 3, ஞாயிறு

தலைவலி என்று சொல்லி சர்ச்சுக்குப் போகவில்லை.

செப்டம்பர் 5, செவ்வாய்

அண்ணாச்சி லீவில் இருக்கிறார். சார் அவர் வீட்டுக்குப் போய்விட்டு வந்து ஹாலில் நின்று எங்களிடம் சொன்னார். சத்தம் போட்டதற்கு அவருக்கே வருத்தம் போலிருக்கிறது. "பாவம், அவரு அப்பாவுக்கும் இப்படித்தான் வந்துச்சாம். ஞாபக மறதி. ஆரம்பத்துல கணக்குத் தப்பு, அப்புறம் ஆளே தெரியாமப் போச்சாம். டாக்டர்கிட்ட காட்டச் சொல்லியிருக்கேன். நாம கொஞ்சம் அனுசரிச்சுப் போகணும்."

"நான் அப்பவே சொன்னேன்லா சார்" என்றான் மாரி. அவனும் கேலியாகச் சொல்லவில்லை.

அவருடைய பார்ட்டிகளில் பாதியை எனக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். தேநீர் வந்தது. குடித்தேன்.

செப்டம்பர் 7, வியாழன்

அண்ணாச்சியின் வீட்டுக்காரம்மா சொர்ணம் மைனி போன் பண்ணினார்கள். அண்ணாச்சிக்குத் தெரியாமல் மாடியில் நின்று பேசுவதாகச் சொன்னார்கள்.

"டாக்டர்கிட்ட போனோம் பிள்ள. நூறுல இருந்து ஏழு ஏழாக் கழிச்சுச் சொல்லச் சொன்னாரு. மூணாவதுலயே தடுமாறிட்டாவ. கணக்குல புலி அவிய, உனக்குத் தெரியுமே. மதுரைக்குப் போயி ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்காரு. அதுக்கு முன்னால வேற என்னென்ன மறந்தாவன்னு கேட்டுட்டு வரச் சொன்னாரு. வீட்டுல எனக்கு ஒண்ணும் தெரியல. ஆபீஸ்ல நீதான பக்கத்துலயே இருக்க. வேற ஏதாச்சும் மறந்தாவளா பிள்ள? மறைக்காமச் சொல்லு."

சொல்லியிருக்கலாம். அவ்வளவு நேரம் அவர்கள் காத்திருந்தார்கள். கீழே யாரோ கூப்பிடுகிற சத்தம் கூட எனக்குக் கேட்டது.

"ஒரு பேக்கிங் லிஸ்ட் அடிச்சேன்னு சொன்னாங்க மைனி, அது இல்ல. அப்புறம் ஒரு நாள் ஃபைலை எல்லாம் காணோம்னு சொன்னாங்க, அது இருந்தது."

"ரெண்டு" என்றார்கள் மைனி. "சரி பிள்ள. நல்லா இரு. டாக்டர்கிட்ட சொல்லுதேன்."

செப்டம்பர் 8, வெள்ளி

நல்லா இரு என்று சொன்னார்கள்.

செப்டம்பர் 9, சனி

ஜெரினிடம் சொல்லிவிட்டேன். அடுப்பில் தோசை இருந்தது, அது கருகும்வரை கேட்டார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"வேணும்னேவா செஞ்ச? ஒரு வரி. யாருக்கும் தப்பு வரும். ஸ்கேன் எடுத்தா ஒண்ணும் இல்லன்னு வந்துரும். நீயா போயி மாட்டிக்காத. வயசும் ஆகுது அவருக்கு, எப்படியும் இன்னும் ஒண்ணு ரெண்டு வருஷம்தான் வேலைக்கு வருவாரு."

அவர் சொல்லச் சொல்ல எனக்கு நெஞ்சு லேசானது. அந்த லேசு வந்ததும்தான் என்னை எனக்கு மிகவும் அருவருப்பாக இருந்தது. ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்று வந்தால் அவர் என்ன நினைப்பார்? இன்னும் தெரியவில்லை, இனிமேல் வரும் என்றுதானே காத்துக்கொண்டு இருப்பார்.

செப்டம்பர் 10, ஞாயிறு

பிரையண்ட் நகரில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். தனியாகத்தான் போனேன். ஜெரின் தெருமுனை வரை வந்து வண்டியில் இருந்துகொண்டார்.

மைனி சந்தோஷமாகக் கதவைத் திறந்தார்கள். "பாருங்க, பெமிலா வந்திருக்கு" என்று உள்ளே பார்த்துச் சொன்னார்கள். சின்னப் பிள்ளைக்கு ஆள் சொல்லிக் கொடுப்பது மாதிரி அதைச் சொன்னார்கள். "தெரியுது, தெரியுது" என்றார் அண்ணாச்சி. சவரம் செய்யவில்லை. சமையல் அறைச் சுவரில் அவர் கையெழுத்தில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. 'கேஸ் மூடியாச்சா?' கதவுக்குப் பக்கத்தில் இன்னொன்று. 'சாவி.' அந்த எழுத்து எனக்குத் தெரியும். ஒவ்வொரு ஃபைல் அட்டையிலும் அதே எழுத்துத்தான்.

உட்காரச் சொன்னார்கள். நான் நின்றுகொண்டே சொன்னேன்.

"அண்ணாச்சி, உங்களுக்கு மறதி இல்ல."

சிரித்தார். "எல்லாரும் அதத்தான் சொல்லுதாவ. நீயும் ஆறுதல் சொல்ல வந்துட்டியா?"

"ஆறுதல் இல்ல அண்ணாச்சி. நான் செஞ்சது."

அவருக்குப் புரியவில்லை. எனக்குச் சொல்லவும் தெரியவில்லை. ஹோஸ்ட்ஸ், நம்பர் என்று எதையோ உளறினேன். பிறகு நிறுத்திவிட்டு முதலிலிருந்து சொன்னேன்.

"உங்க கம்ப்யூட்டருக்கு மெயின் எங்க இருக்குன்னு தெரியல. நான் அதோட விலாசத்தை உங்க கம்ப்யூட்டர்ல எழுதி வச்சேன். புதுப் பெட்டி மாட்டினப்போ மெயின் வீடு மாறிட்டுது. அந்த வீட்டுல பழைய மெயின் குடிவந்துட்டுது. உங்க கம்ப்யூட்டர் பழைய விலாசத்துக்கே போச்சு. நீங்க மெயின்னு அடிச்சா பழைய மெயின்தான் திறந்திருக்கு."

அவர் நாற்காலியின் நுனிக்கு வந்தார். "அப்ப அந்த ஜெர்மனிக்காரன் பேரு?"

"அதுல பழைய பேருதான் இருக்கு அண்ணாச்சி. நீங்க பாத்துத்தான் அடிச்சீங்க."

"பழைய பேரு இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"நான் பாத்தது நெசமா இருந்துச்சா?"

"இருந்துச்சு அண்ணாச்சி. நார் லிஸ்டும் நீங்க அடிச்சிருக்கீங்க. நான் பாத்தேன்."

மைனி கையைக் கூப்பி முகத்தில் வைத்துக்கொண்டார்கள். அண்ணாச்சி மட்டும் இன்னும் யோசித்துக்கொண்டிருந்தார். அவர் ஒரு கணக்கைச் சரிபார்க்கிற முகம் அது. நான் பயந்த கேள்விக்கு வந்தார்.

"சரி. ஆனா நான் சார் ரூம்ல இருந்து திரும்பி வந்து பாத்தேனே. என் சீட்டுலதான பாத்தேன். புதுப் பேருல்லா இருந்துச்சு?"

"நீங்க அங்க நின்னுட்டு இருக்கும்போது நான் அந்த வரியை அழிச்சுட்டேன்."

பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடி நின்றது.

"தெரிஞ்சு அழிச்சியா?"

"தெரிஞ்சுதான் அண்ணாச்சி."

அவர் என்னைப் பார்க்காமல், எதிர்ச் சுவரைப் பார்த்துச் சொன்னார். "எங்க அய்யா என்னைப் பாத்து, தம்பி நீங்க யாருன்னு கேட்டப்போ எனக்கு இருபத்தாறு வயசு. முந்தா நாளு நான் இவகிட்ட சொல்லி வச்சிருக்கேன். நம்ம மகன் ஊருல இருந்து வந்து, நான் அவனை யாருன்னு கேட்டுட்டா, அழக்கூடாதுன்னு சொல்லி வையின்னு."

எழுந்து உள்ளே போனார். குழாயைத் திறந்து முகம் கழுவுகிற சத்தம் கேட்டது. அது நிற்கவே இல்லை. தண்ணீர் சத்தத்துக்குள் அவர் அழுதாரா சிரித்தாரா எனக்குத் தெரியாது.

மைனி ஒரு டம்ளர் காப்பி கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்கள்.

"போன்ல எங்கிட்ட ரெண்டு சொன்னியே பிள்ள. நான் அதை டாக்டர்கிட்ட போயிச் சொன்னேன். அவியளையும் பக்கத்துல வச்சுக்கிட்டுச் சொன்னேன்."

நான் அழுதேன். அவர்கள் அழவில்லை.

"காப்பியக் குடி. வீட்டுக்கு வந்துட்டு வெறும் வயித்தோட போகக் கூடாது. குடிச்சிட்டுப் போ. இனிமே வராத."

சூடாக இருந்தது. முழுவதையும் குடித்தேன்.

செப்டம்பர் 11, திங்கள்

கிளாட்வின் சாரிடம் சொன்னேன். முதலில் நம்பவில்லை, பிறகு கத்தினார், பிறகு எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். அது எனக்கு அதிகமாகப் பயம் தந்தது.

"சரி. அண்ணாச்சிகிட்ட சொல்லிட்டேல்ல. அவரைக் கூப்பிட்டு நான் பேசிக்கிறேன். வெளியில யாருக்கும் தெரிய வேண்டாம். ஸ்டாஃபுக்கு உடம்பு சரியில்ல, அதனால தப்பு நடந்துச்சுன்னு பார்ட்டிகிட்ட சொல்லியிருக்கேன். இப்ப போயி நம்ம சிஸ்டமே தப்புன்னு சொன்னா இருக்கிற மத்த பார்ட்டியும் போயிருவான்."

எனக்கும் அது வசதிதான். தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தேன். மாரிச்செல்வம் போனில் யாருடனோ பேசிக்கொண்டிருந்தான். "எங்க அண்ணாச்சிக்கு மண்டையில கொஞ்சம் சரியில்லண்ணே. ஆமா, மறதிதான்." கஸ்டம்ஸில் யாரோ விசாரித்திருக்கிறார்கள். துறைமுகத்தில் அவரைத் தெரியாத ஆள் கிடையாது.

அவன் போனை வைக்கும்வரை நின்றேன். சார் கதவையும் திறந்து வைத்தேன். சத்தமாகவே சொன்னேன், எல்லாவற்றையும். மாரி என்னையும் சாரையும் மாறி மாறிப் பார்த்தான். "அக்கா, நான் துறைமுகம் பூரா சொல்லிட்டேனே" என்றான்.

"போயி மறுபடி சொல்லு" என்றேன். "என் பேரைச் சொல்லிச் சொல்லு."

சார் கதவை மறுபடி சாத்திக்கொண்டார். மதியம் வரை ரூமை விட்டு வெளியே வரவே இல்லை.

செப்டம்பர் 12, செவ்வாய்

அண்ணாச்சி வந்தார். சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டை. வேலைக்கு வரவில்லை, பார்க்க வந்தேன் என்றார்.

"நீ சொன்னது எனக்குப் புரிஞ்சுது. ஆனா நான் கண்ணால பாக்கணும்."

அவர் சீட்டில் என்னை உட்கார வைத்துவிட்டுப் பின்னால் நின்றார். மாரியும் சாரும் வந்து நின்றார்கள். அந்த ஃபைலைத் திறந்து, அழித்த வரியை எல்லார் முன்னாலும் மறுபடி எழுதினேன். மெயின் என்று அடித்தேன். நிலாவாரை பார்ட்டியின் ஃபைலைத் திறந்தேன். பழைய பேர் வந்தது.

அண்ணாச்சி குனிந்து அந்தப் பேரை எழுத்தெழுத்தாக வாசித்தார். பிறகு விலாசத்தை வாசித்தார்.

"வரியை எடு."

எடுத்தேன். புதுப் பேர் வந்தது.

"போடு."

போட்டேன். பழைய பேர்.

"எடு."

எத்தனை தடவை என்று தெரியாது. ஒவ்வொரு தடவையும் வாசித்தார். நார் லிஸ்டையும் கேட்டார். அது எப்போது சேவ் ஆனது என்பது பக்கத்திலேயே இருந்தது, ஆகஸ்ட் 16 என்று, அந்தப் புதன்கிழமை. "ஆமா. சாப்பாட்டுக்கு முன்னால அடிச்சேன்" என்றார். யாரிடமும் சொல்வது மாதிரி இல்லை.

சார்தான் முதலில் பேசினார். "அண்ணாச்சி, நான் அவசரப்பட்டுட்டேன். எல்லார் முன்னாலயும் பேசியிருக்கக் கூடாது."

"நீங்க உங்க கண்ணால பாத்ததைச் சொன்னீங்க சார். நானும் அதத்தான் சொன்னேன்."

"பார்ட்டிகிட்ட நானே போயிச் சொல்லுதேன். இவளை என்ன செய்யலாம்னு நீங்களே சொல்லுங்க."

நான் திரும்பிப் பார்க்கவில்லை. திரையில் பழைய பேர் இருந்தது, அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அது உங்க ஆபீஸ் சார்" என்றார் அண்ணாச்சி. "என்னைக் கேக்காதீங்க."

செப்டம்பர் 14, வியாழன்

என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. கம்ப்யூட்டர் பக்கம் இனிமேல் கை வைக்கக் கூடாது என்று சார் சொல்லிவிட்டார். பழைய டெக்னீஷியன் வந்தார். அண்ணாச்சியின் கம்ப்யூட்டரில் நெட்வொர்க் பப்ளிக் என்று மாறியதுதான் எல்லாவற்றுக்கும் காரணமாம். அப்டேட் வந்தால் சில சமயம் அப்படி ஆகும். அன்றைக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு தட்டியதும் அதைத்தானாம். மெயினின் நம்பரைப் பூட்டினார். பழைய மெயினில் இருந்த ஃபோல்டரைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு அழித்தார்.

"ரெண்டு நிமிஷ வேலைம்மா" என்றார். அவருக்கு ஒன்றும் தெரியாது. நல்லபடியாகத்தான் சொன்னார்.

செப்டம்பர் 19, செவ்வாய்

அண்ணாச்சி வேலைக்கு வந்துவிட்டார். மதுரை ஸ்கேன் வேண்டாம் என்று டாக்டரே சொல்லிவிட்டாராம். மாரியிடம் சொன்னது எனக்குக் கேட்டது. பார்ட்டி திரும்பி வரவில்லை. சார் சாத்தான்குளம் போய் உண்மையைச் சொல்லியிருக்கிறார். உண்மையைக் கேட்டும் வரவில்லை. ஆனால் அண்ணாச்சிக்கு மட்டும் போன் பண்ணி விசாரித்தாராம்.

என்னிடம் அண்ணாச்சி வேலை மட்டும் பேசுகிறார். கோபமாக இல்லை. பிள்ள என்று சொல்வதில்லை, பெமிலா என்றும் சொல்வதில்லை. "அந்த பில் வந்துச்சா?" என்று பொதுவாகக் கேட்பார். நான் பதில் சொல்வேன். மதியம் நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுகிற வழக்கம். இப்போது அவர் சீக்கிரமே சாப்பிட்டுவிடுகிறார்.

ஜெரின், நாளாக நாளாகச் சரியாகும் என்கிறார். சரியாக வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருக்கிறது. அந்த ஆசையையும் வெளியில் சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

செப்டம்பர் 26, செவ்வாய்

முருங்கை இலைப் பொடி பார்ட்டிக்கு நான் அடித்த இன்வாய்ஸில் எடையைத் தப்பாகப் போட்டிருந்தேன். மொத்த எடை இருக்க வேண்டிய இடத்தில் நிகர எடை. கஸ்டம்ஸுக்குப் போகிற காகிதக் கட்டோடு அது மாரியின் கைக்கே போய்விட்டது. அண்ணாச்சி கடந்து போகும்போது மேலாகப் பார்த்துவிட்டு அதை உருவி எடுத்திருக்கிறார்.

என் மேஜையில் வைத்தார். தப்பான இடத்தில் பென்சிலால் ஒரு சின்னக் கோடு. சாரைக் கூப்பிடவில்லை, மாரியைப் பார்க்கவில்லை. அதை அவர் விட்டிருந்தால் மறுபடி ஒரு கன்டெய்னர் நின்றிருக்கும், இந்தத் தடவை என் பேரில்.

திருத்திப் பிரிண்ட் எடுத்து அவர் மேஜைக்குக் கொண்டுபோனேன். நன்றி அண்ணாச்சி என்றேன். அவர் தலை நிமிரவில்லை. காகிதத்தை வாங்கி, தப்பிருந்த இடத்தை மட்டும் பார்ப்பார் என்று நினைத்தேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, மேலே பார்ட்டியின் பேரிலிருந்து ஆரம்பித்து, ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்து வாசித்தார். முன்பெல்லாம் நான் கொடுத்தால் பார்க்காமலே கையெழுத்துப் போடுவார்.

கடைசி வரி வரை வாசித்து முடிக்கும் மட்டும் நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.